சுடுதண்ணீர்த் தொட்டியின் கடைமடை

அன்றைக்குக் கொட்டகையில் இருந்தவர்களை முதலில் சொல்லிவிடுகிறேன். என் மனைவி. அவள் தம்பி, அதாவது என் மைத்துனன். கடைத்தெருவில் பாத்திரக்கடை வைத்திருக்கும் பாய். என் முழங்காலுக்குப் பயிற்சி கொடுக்கக் கும்பகோணத்திலிருந்து ஸ்கூட்டியில் வரும் பிசியோ பெண். அப்புறம் நான், பிளாஸ்டிக் நாற்காலியில், ஊன்றுகோலோடு.

ஓரத்தில் அறுவடை மெஷின் தார்ப்பாய் போர்த்தி நின்றது. நடுவில் தொட்டி. பாய் அதை ஹாட் டப் என்பார். நாங்கள் தொட்டி என்போம். ஐந்து பேர் உட்காரலாம். மோட்டாரைப் போட்டால் சுடுதண்ணீர் சுற்றிச் சுற்றி வந்து சுவரில் இருக்கும் துளைகள் வழியாகப் பீய்ச்சும். அந்தத் துளைக்கு ஜெட் என்று பெயர்.

தொட்டி நாறிக்கொண்டிருந்தது. நாறத் தொடங்கி ஒரு மாதம் ஆகியிருந்தது. அன்று பொழுது சாய்வதற்குள் நாற்றம் எங்கே இருக்கிறது என்று பிடித்துவிட்டோம். அதைத்தான் எழுதுகிறேன். நான் எட்டாவதைப் பாதியில் விட்டவன். நடந்ததை நடந்த மாதிரி சொல்லத் தெரியும்.

குறுவை அறுப்பு சமயத்தில் வலங்கைமான் பக்கம் ஒரு வயலில் மெஷினின் சக்கரமாக ஓடும் பெல்ட் சேற்றில் இறங்கிவிட்டது. என்ன என்று பார்க்க மேலிருந்து குதித்தேன். கால் சேற்றில் நட்டுக்கொண்டது. உடம்பு மட்டும் திரும்பியது. முட்டிச்சில்லு உடைந்தது. ஆஸ்பத்திரியில் கம்பி வைத்துக் கட்டினார்கள். கட்டைப் பிரித்தபோது கால் உலக்கை மாதிரி நீட்டிக்கொண்டு இருந்தது. மடங்கவில்லை.

மெஷின் எனக்கும் மைத்துனனுக்கும் பொது. டீசல், ஆள், எந்த வயலுக்கு எப்போது போவது என்பதெல்லாம் அவன். ஓட்டுவது நான். ஏணியில் ஏற முட்டி மடங்க வேண்டும். சீட்டில் உட்கார்ந்து மிதிக்கவும் மடங்க வேண்டும். தை அறுப்புக்குள் மடங்காவிட்டால் ஆத்தூரிலிருந்து டிரைவர் வருவார். ஒரு போகம் ஒருவர் உட்கார்ந்து ஓட்டிவிட்டால் அந்த சீட் அவருடையது. அப்புறம் நான் வரப்பில் நின்று நெல் மூட்டையைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டியதுதான். எனக்கு வேறு தொழில் தெரியாது.

பிசியோ பெண், சுடுதண்ணீருக்குள் உட்கார்ந்து மடக்கினால் சீக்கிரம் வரும் என்றாள். எங்கள் ஊரில் அதற்கு எங்கே போவது? இதைப் பாயிடம் சொல்லிக்கொண்டிருந்தேன்.

"மவன் துபாயிலேர்ந்து வீட்டுச் சாமானோட சாமானா ஒண்ணு ஏத்தி அனுப்பிட்டான் தம்பி. நம்ம வீட்ல யாரு அதுல போயி உக்கார்றது? மாடியில கெடக்கு. காக்காதான் குளிக்கிது. எடுத்துட்டுப் போங்க," என்றார்.

மைத்துனன் டிராக்டர் பெட்டியில் வைக்கோல் பரப்பி அதன் மேல் தொட்டியை வைத்து ஓட்டி வந்தான். கரண்ட் வேலைக்காரர் தனியாக ஒரு லைன் இழுத்துக் கொடுத்தார். போர் தண்ணீரை நிரப்பினோம். பாய் குளோரின் பொடி ஒரு டப்பாவும், தண்ணீரில் நனைத்தால் நிறம் மாறும் தாள் ஒரு டப்பாவும் கொடுத்திருந்தார்.

முதல் நாள் மோட்டாரைப் போட்டதும் எல்லா ஜெட்டிலும் தண்ணீர் வந்தது. ஆனால் என் முட்டிக்கு நேரே வந்த வேகம் போதவில்லை. சும்மா தடவிக் கொடுத்த மாதிரி இருந்தது. நானும் மைத்துனனும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். ஆற்றில் தண்ணீர் குறைவாக வந்தால் எங்கள் பக்கம் என்ன செய்வோம்? முறை வைப்போம். மற்ற மடைகளை அடைத்துவிட்டு ஒரு பக்கம் முழுத் தண்ணீரையும் விடுவோம். அது பாய்ந்ததும் அடுத்த பக்கம்.

"முறை வச்சிருவோம் மாமா," என்றான்.

ஒவ்வொரு ஜெட்டிலும் ஒரு வளையம் இருக்கிறது. திருகினால் அடைத்துக்கொள்ளும். நான்கு இருக்கைகளின் ஜெட்டையும் அடைத்தோம். என் இருக்கையில் தண்ணீர் எகிறியது. முட்டியைப் பிடித்து யாரோ அமுக்குவது மாதிரி இருந்தது. பாய் வந்து பார்த்துவிட்டு, இந்த யோசனை துபாய்க்காரனுக்கு வராது என்றார். எங்களுக்குப் பெருமையாக இருந்தது.

கால் மடங்கத் தொடங்கியது. தினம் கொஞ்சம். பிசியோ பெண் பிளாஸ்டிக் அளவுகோல் ஒன்றை முட்டியில் வைத்துப் பார்ப்பாள். அதில் இரண்டு கை இருக்கும், நடுவில் ஆணி. பார்த்துவிட்டுத் தலையை ஆட்டுவாள். ஐப்பசி முழுக்க அப்படிப் போனது.

கார்த்திகையில் வாடை வந்தது. முதலில் ஈரச் சாக்கு வாடை. மழைக்காலம்தானே என்று விட்டுவிட்டேன். பிறகு அது ஏறியது. பசுந்தாள் உரமாகத் தக்கைப்பூண்டை மடக்கி உழுது தண்ணீர் கட்டிய வயலில் காலை வைத்தால் அடியிலிருந்து ஒன்று கிளம்பும். அந்த வாடை.

என் மனைவி எண்ணெய் மேல் சந்தேகப்பட்டாள். தொட்டியில் இறங்குவதற்கு முன் முட்டிக்குத் தைலம் தேய்ப்பது வழக்கம். அவள்தான் தேய்த்துவிடுவாள். ஃபில்டரைக் கழற்றிப் பார்த்தோம். அதன் மடிப்புகளில் எண்ணெய்ப் பிசுக்கு இருக்கத்தான் செய்தது. சோப்புத் தண்ணீரில் ஊறவைத்து அலசினாள். தைலத்தை நிறுத்தினோம். வாடை கொஞ்சம் குறைந்தது. அப்புறம் திரும்பி வந்தது.

எனக்குப் போர் தண்ணீர் மேல் சந்தேகம். ஒரு குடத்தில் பிடித்து மூடி வைத்து மறுநாள் முகர்ந்து பார்த்தேன். இரும்பு வாடை லேசாக. வேறொன்றும் இல்லை. போர் மேல் குற்றம் இல்லை.

மைத்துனன் இயற்கை விவசாயம் செய்கிறவன். மீன் குளம் நாறினாலும் கக்கூஸ் தொட்டி நாறினாலும் அவனிடம் ஒரே மருந்துதான். நுண்ணுயிர்க் கரைசல். வெல்லம் போட்டு ஊறவைத்து ஊற்றுவான். குளத்தில் அது வேலை செய்ததை நானே பார்த்திருக்கிறேன். ஒரு கேன் கொண்டுவந்து தொட்டியில் ஊற்றினான். மறுநாள் மூடியைத் தூக்கினால் நுரை பொங்கி நின்றது. கள்ளு வாடை.

"நாத்தம் மட்டுந்தான் இருந்துச்சு. இப்ப போதைக்கும் வழி பண்ணிட்டான் என் தம்பி," என்றாள் என் மனைவி.

எல்லாத் தண்ணீரையும் திறந்துவிட்டோம். துடைத்தோம். புதுத் தண்ணீர் நிரப்பினோம். நன்றாக இருந்தது. சில நாளில் பழையபடி வாடை. பாயிடம் கேட்டதற்கு, குளோரினை இரட்டிப்பாகப் போட்டுப் பாருங்கள் என்றார். போட்டோம். கண் எரிந்தது. மூக்கு எரிந்தது. அந்த எரிச்சலுக்கு அடியில் அந்த வாடை அப்படியே இருந்தது.

பிறகு என் தொடையில் சிவப்புக் கொப்புளம் கிளம்பியது. பிசியோ பெண் அதைப் பார்த்தாள். தண்ணீரை முகர்ந்தாள். இது கிருமி, இந்தத் தண்ணீர் சுத்தமாகும் வரை காலை வைக்கக் கூடாது என்றாள். அவள் சத்தம் போடவில்லை. அதனால் பயமாக இருந்தது.

மார்கழிக் குளிர். வெந்நீர்த் துணி வைத்துப் பார்த்தோம். போதவில்லை. மடங்கிய கால் திரும்ப விறைக்கத் தொடங்கியது. அளவுகோலை வைத்தவள் தலையை ஆட்டவில்லை. பின்னால் போகிறோம் அண்ணே என்றாள். வெளியே சம்பாப் பயிர் பால் பிடித்து நின்றது.

ஆத்தூர் டிரைவர் மைத்துனனுக்குப் போன் செய்தார். வருவதா இல்லையா என்று சாயங்காலத்துக்குள் சொல்லிவிட வேண்டும், வேறு வண்டியிலும் கூப்பிடுகிறார்கள் என்றார். அவர் கேட்டதில் தப்பில்லை. மைத்துனன் என்னிடம் அதைச் சொல்லும்போது மெஷினைப் பார்த்துக்கொண்டு சொன்னான்.

அன்றைக்குத்தான் நான் சொன்ன ஐந்து பேரும் கொட்டகையில் கூடியது. பிசியோ பெண் வழக்கப்படி வந்தாள். பாய், தொட்டி பிரயோஜனப்படாவிட்டால் திரும்ப எடுத்துக்கொள்வதாகச் சொல்ல வந்தார். மைத்துனன் பதில் கேட்க வந்தான்.

நான் மூடியைத் திறக்கச் சொன்னேன். மோட்டார் ஓடவில்லை. குனிந்து முகர்ந்தேன். வாடை இல்லை. குளோரின் மட்டும் தெரிந்தது. மோட்டாரைப் போடச் சொன்னேன். கொஞ்ச நேரத்தில் வாடை வந்தது. நிறுத்தச் சொன்னேன். மறுபடி போடச் சொன்னேன். மறுபடி வந்தது. நின்ற தண்ணீர் நாறவில்லை. ஓடும் தண்ணீர் நாறியது. இதைச் சத்தமாகச் சொன்னேன்.

மைத்துனனுக்குப் பொறுமை போய்விட்டது. எல்லாம் நம் மூக்கில்தான் இருக்கிறது, ஒரு மாதமாக முகர்ந்து முகர்ந்து பழகிவிட்டது என்றான்.

"அப்டின்னா எறங்கிக் குளியேன்டா. துபாய்த் தொட்டி. சும்மா கெடக்கு," என்றாள் அவன் அக்கா.

"குளிக்கத்தான் போறேன். பாரு."

சட்டையைக் கழற்றி மெஷின் மேல் போட்டான். அரைக்கால் சட்டையோடு இறங்கினான். பிசியோ பெண், வேண்டாம் அண்ணே, கொப்புளம் வரும் என்றாள். அவன் கேட்கவில்லை. என் இருக்கைக்கு எதிர் மூலையில் போய் மகாராஜா மாதிரி கையை விரித்து உட்கார்ந்தான்.

"என்ன மாமா, இங்க ஒண்ணுமே வரல?"

சொல்லிக்கொண்டே முதுகுப் பக்கம் கையை விட்டு வளையத்தைத் திருகினான்.

அந்த ஜெட் திறந்தது. முதலில் காற்று. பிறகு கறுப்பாகத் தண்ணீர். அதோடு தோல் தோலாக எதுவோ வந்து அவன் தோளிலும் கன்னத்திலும் ஒட்டியது. நாற்றம் கொட்டகை முழுக்க அடித்தது. பாய் துண்டால் மூக்கைப் பொத்திக்கொண்டு வாசலுக்குப் போனார். பிசியோ பெண் அவருக்கு முன்னாலேயே போய்விட்டாள். மைத்துனன் வெளியே குதித்த வேகத்தில் என் ஊன்றுகோல் விழுந்தது.

என் மனைவி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். சிரித்துக்கொண்டே இருந்தவள் சட்டென்று நிறுத்தினாள். தொட்டியைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள்.

"கடைமடைக்குத் தண்ணி போவாம அடைச்சு வச்சிருக்கீங்க. அது நாறாம என்ன பண்ணும்?"

அவள் சொன்னதும் எனக்கு எல்லாம் வரிசையாக விளங்கியது. அடைத்த ஜெட்டுகளுக்குப் பின்னால் குழாய் இருக்கிறது. குழாயில் தண்ணீர் இருக்கிறது. அது ஓடவில்லை. சூடு மட்டும் இருக்கிறது. தைலத்தின் எண்ணெய் அதற்குள் போய்த் தங்கியிருக்கிறது. வெல்லக் கரைசலும் போயிருக்கிறது. போன கொஞ்சம் குளோரினும் அங்கேயே தீர்ந்திருக்கிறது. நாங்கள் தண்ணீரைத் திறந்துவிட்டபோது தொட்டிதான் காலியானது, அந்தக் குழாய்கள் காலியாகவில்லை. வளையத்தை எவ்வளவு இறுக்கினாலும் கொஞ்சம் கசியும். மோட்டார் ஓடும்போது உள்ளே இருந்தது அப்படிக் கசிந்து வந்திருக்கிறது.

ஆற்றில் முறை வைத்தால் அடுத்த முறை வரும். அடைத்த மடையைத் திறப்போம். இங்கே என் முட்டிக்கு மட்டுமே முறை. மற்ற மடைகளை நாங்கள் திறக்கவே இல்லை.

"மத்ததையும் தொற மாப்ளே," என்றேன்.

ஒவ்வொன்றாகத் திறந்தான், கையை நீட்டி, முகத்தைத் திருப்பிக்கொண்டு. ஒவ்வொன்றிலும் அதே கறுப்பு. எனக்கு அந்த நாற்றம் சந்தோஷமாக இருந்தது. ஒளிந்திருந்தது வெளியே வந்துவிட்டது. பாயும் வாசலில் நின்றபடி, ஆப்பிட்டுச்சு தம்பி, ஆப்பிட்டுச்சு என்றார்.

மைத்துனன் குளித்துவிட்டு வந்து ஆத்தூருக்குப் போன் செய்தான். பொங்கல் வரைக்கும் பொறுக்க முடியுமா என்று கேட்டான். அவர் பொறுக்கிறேன் என்றார். நல்ல மனுஷர்.

குழாய்க்குள் ஊற்றிக் கழுவும் மருந்து என்று ஒன்று இருக்கிறதாம். பாய் மகனிடம் விசாரித்து ஆன்லைனில் வரவழைத்தார். அது வந்ததும் பழைய தண்ணீரிலேயே ஊற்றி, எல்லா ஜெட்டையும் திறந்து வைத்து மோட்டாரை ஓடவிட்டோம். பழுப்பு நுரை கிளம்பியது. காய்ந்த வாழைத்தோல் மாதிரி துண்டு துண்டாக வந்தது. என் மனைவி டீ வடிகட்டியால் அள்ளி அள்ளிப் போட்டாள். அந்த வடிகட்டி அதோடு குப்பைக்குப் போனது. நுரை வெள்ளையாகும் வரை ஓட்டினோம்.

தண்ணீரை வாழைக்கு விடலாம் என்று மைத்துனன் சொன்னான். குளோரினும் மருந்தும் வாழைக்கு ஆகாது, வயலுக்கும் ஆகாது என்றேன். மண் தரையில் குழி வெட்டி அதில் விட்டோம்.

அப்புறம் ஜெட்டுகளைக் கழற்றினோம். திருகினால் கையோடு வந்துவிடும். பல் தேய்க்கும் பிரஷ் வைத்து நான் உட்கார்ந்தபடியே எல்லாவற்றையும் தேய்த்தேன். குழாய்க்குள் நிற்கும் தண்ணீரை என்ன செய்வது என்று யோசித்தோம். மெஷினின் ரேடியேட்டரில் வைக்கோல் தூசி அடைத்தால் ஊதுவதற்கு ஒரு புளோயர் வைத்திருக்கிறோம். மைத்துனன் அதைக் கொண்டுவந்து ஒவ்வொரு துளையிலும் வைத்து ஊதினான். ஒரு பக்கம் ஊத, மறுபக்கம் சளி மாதிரி கடைசித் தண்ணீர் தெறித்தது. சொட்டு நின்ற பிறகும் ஊதினான். அவனுக்கு அந்தக் குழாய்கள் மேல் கோபம்.

மூடியின் அடிப்பக்கத்தையும் என் மனைவி விடவில்லை. துடைத்து வெயிலில் நிமிர்த்தி வைத்தாள். ஃபில்டர் புதிது போட்டோம். தொட்டியை உடனே நிரப்ப வேண்டாம் என்றேன். வயலில் காய்ச்சலும் பாய்ச்சலும் என்று ஒரு முறை உண்டு. மண் நாறினால் தண்ணீரை வடித்து, லேசாக வெடிக்கும் அளவுக்குக் காயவிட்டு, அப்புறம் பாய்ச்ச வேண்டும். தொட்டியையும் மார்கழி வெயிலில் அப்படிக் காயவிட்டோம்.

பிறகு நிரப்பினோம். குளோரினை அளவாகப் போட்டோம். தாளை நனைத்தால், சரி என்று டப்பாவில் போட்டிருக்கும் நிறமே வந்தது. எல்லா ஜெட்டும் திறந்தே இருந்தது. முட்டிக்கு வேகம் வேண்டும் என்றால் மற்றதை அந்த நேரத்துக்கு மட்டும் அடைப்பேன். முடிந்ததும் எல்லாவற்றையும் திறந்து ஓடவிட்டுத்தான் எழுந்திருப்பேன். தைலம் இரவில் படுக்கும்போது மட்டும். காலையில் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டுத்தான் தொட்டி.

ஒரு வாரம் கழித்து மூடியைத் திறந்தோம். மோட்டாரைப் போட்டோம். எங்கள் வீட்டில் என் மனைவி மூக்குக்கு அப்பீல் கிடையாது. அரிசி பழையதா புதியதா என்று மூட்டை பிரிக்காமல் சொல்வாள். அவள் தொட்டிமேல் குனிந்தாள். நானும் மைத்துனனும் பிசியோ பெண்ணும் அவள் முகத்தைப் பார்த்தோம். ஒவ்வொரு இருக்கையாகச் சுற்றி வந்து முகர்ந்தாள்.

"ஒண்ணுமில்ல," என்றாள்.

மறுபடி ஒருதரம் குனிந்தாள்.

"ஒண்ணுமே இல்லங்க. வெறும் தண்ணி."

மைத்துனன் விசில் அடித்தான். பிசியோ பெண் தானும் முகர்ந்து, தாளையும் நனைத்துப் பார்த்துவிட்டு, எறங்குங்க அண்ணே என்றாள். கொப்புளம் அதற்குள் காய்ந்திருந்தது. இறங்கினேன். எல்லாப் பக்கமிருந்தும் தண்ணீர் வந்தது. காலை மடக்கினேன். உள்ளே எதுவோ பிடித்தது. விடவில்லை. இன்னும் மடக்கினேன். விட்டது.

அதற்குப் பிறகு வாடை வரவே இல்லை. முட்டியும் பின்னால் போகவில்லை. பொங்கலுக்கு முன்னால் ஒரு நாள் ஊன்றுகோலைக் கொட்டகையில் சாய்த்துவிட்டு மெஷின் ஏணியைப் பிடித்தேன். யாரையும் கூப்பிடவில்லை. ஒரு படி. அடுத்த படி. சீட்டில் உட்கார்ந்து மிதித்துப் பார்த்தேன். கால் மடங்கி அடிவரைக்கும் போனது. ஹாரனை அழுத்தினேன். என் மனைவி கையில் கரண்டியோடு ஓடி வந்தாள். மேலே பார்த்தாள். முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

மைத்துனன் அங்கேயே நின்று போன் செய்தான்.

"அண்ணே, நீங்க வேற வண்டி பாத்துக்கங்க. எங்க மாமா ஏறிட்டாரு."

தை பாதியில் முதல் வயல். பனி உலர்ந்ததும் இறக்கினேன். சம்பா நன்றாகக் காய்ந்து நின்றது. வெட்ட வெட்ட நெல் மெஷினின் தொட்டிக்குள் கொட்டும் சத்தம் முதுகுக்குப் பின்னால் கேட்டுக்கொண்டே இருந்தது. மத்தியானம் சாப்பிட இறங்கினேன், திரும்ப ஏறினேன். இறங்கியதற்கும் ஏறியதற்கும் யாரும் கை கொடுக்கவில்லை. நான் கேட்கவும் இல்லை. பாய் கடையைப் பையனிடம் விட்டுவிட்டு வந்து வரப்பில் நின்று பார்த்தார்.

பொழுது இறங்கப் பனி பிடித்தது. நிறுத்தினேன். எங்கள் பக்கம் வயலை மா கணக்கில்தான் சொல்வோம், மூன்று மா ஓர் ஏக்கர். கால் உடைவதற்கு முன் ஒரு நாளில் இருபது மா அறுத்தால் அது எனக்கு நல்ல நாள். வயல்காரர் மைத்துனனிடம், புது டிரைவரா என்று கேட்டார். பழைய டிரைவர்தான் என்றான். இன்றைக்கு எவ்வளவு அறுத்தார் என்று கேட்டார்.

இருபத்திரண்டு மா.